ரோஸ் கலர் காருக்கு ராஜ மவுசு!

அன்று சீந்துவார் இல்லை. இன்று தேடி அலைகிறார்கள்

ஒரே வருடத்தில் செய்த இரண்டு கார்கள். ஒரே கம்பெனி. ஒரே என்ஜின். ஒன்று சிவப்பு, மற்றொன்று பஞ்சு மிட்டாய் மாதிரி ரோஸ். இரண்டையும் ஏலம் விட்டால் எது அதிக விலைக்குப் போகும்?

சிவப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் பழைய கார்ப் பிரியர்கள் முண்டியடிப்பது அந்த ரோஸ் காருக்குத்தான்!

ஒரே ஒரு நிபந்தனை. அந்த ரோஸ், கார் பிறந்த அன்றே தொழிற்சாலையில் அடித்த ரோஸாக இருக்க வேண்டும். பிற்பாடு யாரோ ஷெட்டில் விட்டு அடித்ததென்றால் அந்த மவுசு கிடையாது. இதில் ஏமாந்து பெரும்பணத்தைத் தொலைக்கிற ஆபத்தும் இருக்கிறது.

கத்தரிப்பூவும் மாம்பழமும்

1969, 70-ம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி இளவட்டங்களைப் பிடிப்பதற்காக, கண்ணைப் பறிக்கும் கலர்களாக இறக்கியது. டாட்ஜ் சேலஞ்சர், பிளைமவுத் பாரகுடா என்ற வேகக் கார்களுக்கு இந்தக் கலர்கள் பொருத்தமாக அமைந்தன.

வைத்த பெயர்களைக் கேளுங்கள். 'பிளம் கிரேஸி' என்றால் நம்ம கத்தரிப்பூ கலர். 'கோ மேங்கோ' என்றால் மாம்பழ ஆரஞ்சு. 'டாப் பனானா' வாழைப்பழ மஞ்சள். மார்க்கெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது!

ரோஸ் வந்தது 1970 வசந்த காலத்தில். டாட்ஜ் காரில் அதற்கு 'பாந்தர் பிங்க்' என்று பெயர். பிளைமவுத் காரில் அதே பெயிண்டுக்கு 'மூலான் ரூஜ்'. கலர் ஒன்று, பேர் இரண்டு. தொழிற்சாலைக் கணக்கில் மட்டும் இரண்டுக்கும் ஒரே குறியீடு: எஃப்.எம்.3.

இந்தப் பளீர் கலர்களுக்குத் தனியாகச் சுமார் 14 டாலர் கட்ட வேண்டும். ரோஸ் கலரோ அந்த வருட விற்பனை பாதி முடிந்த பிறகு வந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் சொற்பம்.

அப்புறம் காலம் மாறியது. இந்தக் கார்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்ததும் பெட்ரோல் பங்குகளில் நீண்ட க்யூ. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் கார் யாருக்கு வேண்டும்? 1974-ல் சேலஞ்சர் உற்பத்தியே நின்றது.

மிச்சமிருந்த கார்கள் கை மாறின. வாங்கியவர்கள் தங்களுக்குப் பிடித்த சிவப்பையோ கறுப்பையோ அடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு அது வெறும் ஓட்டைக் கார்!

குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்பார்கள். அந்த ரோஸ் கார்கள் சிவப்புச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டன, அவ்வளவுதான்.

காரின் ஜாதகம்

பானெட்டைத் தூக்கினால், உள்ளே இடது மட்கார்டு ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். கலர், என்ஜின், சீட் எல்லாம் அதில் குறியீடுகளாக அடித்திருக்கும். மேலே கறுப்புப் பெயிண்ட் இருந்தாலும் தகட்டில் எஃப்.எம்.3 என்று இருந்தால் போதும், வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும்.

வீடு வாங்கும் முன் வில்லங்கம் பார்க்கிறோமே, அந்த மாதிரிதான் இதுவும். ஆனால் வில்லங்கமே அந்தத் தகட்டில்தான்! அதை மாட்டியிருப்பது சாதாரண ஸ்குரூ. கழற்றிவிட்டு, வேறு குறியீடு அடித்த புதுத் தகட்டை மாட்டினால் கறுப்புக் கார் 'பிறவி ரோஸ்' ஆகிவிடுகிறது. காரின் அடையாள எண்ணில் கை வைத்தால் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அப்படியும் தகிடுதத்தம் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர் தகட்டை மட்டும் நம்புவதில்லை. டிக்கி மேட்டைத் தூக்குவார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுவார். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடிப்பார். மேலோட்டமாக அடிக்கிற பெயிண்டர் இந்த மூலைகளைத் தொடமாட்டார் அல்லவா? பழைய கலர் அங்கே பதுங்கியிருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார் தயாராகும்போது கூடவே போன தொழிற்சாலைத் தாள், சில கார்களில் சீட் ஸ்பிரிங்குகளுக்குள் அப்படியே கிடக்கிறது. எலி கடித்தது போக மிஞ்சிய தாளில் கலர் குறியீடு தெரிந்தால் அது சரியான சாட்சி.

கறுப்பென்றால் பொய்

சில கார்களில் கதை தலைகீழ். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 'கார்வெட்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்தது. முதல் வருடம் செய்தது மொத்தம் 300 கார்கள். முந்நூறும் வெள்ளை! உள்ளே சிவப்பு சீட். ஆகவே 1953 கார்வெட்டைக் கறுப்பாகக் காட்டி, "அபூர்வக் கலர் சார்" என்று ஒருவர் சொன்னால் பேசாமல் நடையைக் கட்டலாம்.

1967 கார்வெட்டில் கறுப்புக்குத்தான் கிராக்கி. அந்த வருடம் வந்த 22,940 கார்களில் கறுப்பு 815 மட்டுமே. கறுப்பின் குறியீடு 900. அதைச் சொல்லும் தகடு கையுறைப் பெட்டிக்கு அடியில் இருக்கும்.

கார்வெட்டில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பெயிண்ட் எத்தனை கனம் என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும் சின்னக் கருவியை மற்ற கார்களில் வைத்தால், பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்த இடம் தெரிந்துவிடும். அந்தக் கருவிக்கு அடியில் உலோகம் வேண்டும். கார்வெட்டின் உடம்போ ஃபைபர் கிளாஸ்! ஒலி அலையை அனுப்பிக் கனம் பார்க்கும் வேறு கருவியைத் தேட வேண்டியிருக்கிறது.

பச்சை ஃபெராரி

ஃபெராரி என்றாலே சிவப்பு என்று நினைக்கிறோம். 1962-ல் பிரிட்டிஷ் வீரர் ஸ்டர்லிங் மாஸுக்காகச் செய்த 250 ஜி.டி.ஓ. காரின் கலர் வெளிர் பச்சை. அவர் ஓட்டவிருந்த அணியின் கலர் அது. ஏப்ரல் மாதம் குட்வுட் பந்தயத்தில் வேறு காரில் அடிபட்டதால் பாவம், அந்தக் காரை அவர் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. 2012-ல் அது கைமாறிய விலை சுமார் 3½ கோடி டாலர்!

சுரண்டினால் போச்சு

இத்தனை மவுசு வந்த பிறகு பெயிண்ட் ஷெட்காரருக்கும் பொறுப்பு கூடிவிட்டது. டிங்கரிங் பார்த்து, பட்டி தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் முன்பெல்லாம் சபாஷ் கிடைக்கும். இப்போது, வெளுத்துக் கீறல் விழுந்திருந்தாலும் தொழிற்சாலைப் பெயிண்ட் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடு என்கிறார்கள். தேய்த்து எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது.

தேய்க்கிறவர் உடம்புக்கும் ஆபத்து உண்டு. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளில் ஈயம் கலந்த நிறப்பொடி சகஜம். முகமூடி போடாமல் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போய்விடும். கார் பெயிண்டிலிருந்து அந்த ஈயப் பொடியைப் பிற்பாடு கம்பெனிகள் விலக்கிவிட்டன. அதனாலேயே பழைய மாம்பழ ஆரஞ்சை அச்சு அசலாகக் கலந்து தருவது பெயிண்டர்களுக்குத் தலைவலியாகிவிட்டது. கலவை சரிதானா என்று ஒத்துப் பார்க்க, டிக்கி மேட்டுக்கு அடியில் வெயில் படாமல் கிடக்கும் உள்ளங்கை அகலப் பெயிண்டைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.