ஃபோனிலேயே புயலைப் பின்தொடரலாமா? ஒரே பாதையில் வந்த 3 புயல்கள்... ராமேஸ்வரம் கடற்கரை சொல்லும் பாடம் என்ன?

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிறது என்று தெரிந்தாலே போதும், வாட்ஸ்அப் குரூப்களில் வண்ண வண்ணமான காற்று வரைபடங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "இந்தத் தடவை நேரா ராமேஸ்வரம்தான்" என்று ஒருவர் போடுவார். "இல்லை, கடலூர் பக்கம் போகுது" என்று இன்னொருவர் போடுவார். வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்க்காத சாதாரண ஆட்கள் எப்படிப் புயலைப் பின்தொடர்கிறார்கள்? அதை எந்த அளவுக்கு நம்பலாம்? பார்க்கலாம் வாங்க.

யார் இந்த ஆர்வலர்கள்?

புயலைப் பின்தொடர்வது உலகம் முழுக்கப் பலருக்கும் இருக்கும் ஆர்வம்தான். அட்லாண்டிக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் சீசன். கணினி வராத காலத்திலேயே அமெரிக்கக் கடலோர மக்கள், ரேடியோவில் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காகித வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்து வந்தார்கள்.

நம்ம ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் முக்கியமான நேரம். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான், டெல்டா விவசாயிகளுக்காக வானிலை சொல்லிவரும் பள்ளி ஆசிரியர் செல்வகுமார் போன்றவர்கள் இந்த ஆர்வத்தைத் தமிழ்நாட்டில் பரவலாக்கினார்கள். பாம்பனில் 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி, மீனவர்களுக்காகவே இயங்குகிறது.

என்னவெல்லாம் பார்க்கிறார்கள்?

முதலில் செயற்கைக்கோள் படம். இந்தியாவின் இன்சாட் வரிசை செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அடுத்தது டாப்ளர் ரேடார். மழை மேகம் இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று இதில் தெரியும்.

மூன்றாவது, கணினி மாதிரிகள். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., ஐரோப்பிய மையத்தின் இ.சி.எம்.டபிள்யூ.எஃப். இரண்டும் பிரபலம். 'விண்டி' செயலியில் நாம் பார்க்கும் காற்று ஓட்டம் இந்த மாதிரிகள் போட்ட கணக்குதான். கடலில் இப்போது நடப்பதைப் படம் பிடித்துக் காட்டுவது அல்ல. இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறார்கள்.

ஜி.எஃப்.எஸ். ஒரு நாளைக்கு 4 முறை, 16 நாள் வரைக்குமான கணிப்பைத் தருகிறது. காலையில் 10-வது நாளில் புயல் காட்டும், சாயங்காலம் அதே புயல் காணாமல் போயிருக்கும். ஆனால், காலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஒரு வாரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிப்போய்க் காற்றையும் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். வங்கக்கடலில் அப்படி வழக்கமான விமான ஆய்வு கிடையாது. கரையிலிருந்து தொலைவில் இருக்கும்போது, மேகத்தின் வடிவத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துத்தான் பெரும்பாலும் புயலின் பலத்தை மதிப்பிடுகிறார்கள்.

ராமநாதபுரம் கடற்கரைக்கு மட்டும் ஏன் கணிப்பு கஷ்டம்?

காரணம், கிழக்கே இருக்கும் இலங்கை. வங்கக்கடலிலிருந்து இந்தப் பக்கம் வரும் புயல் பெரும்பாலும் இலங்கை நிலப்பரப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். நிலத்தில் ஏறும்போது புயல் பலம் இழக்கும். மறுபடி பாக் நீரிணையிலோ மன்னார் வளைகுடாவிலோ இறங்கும்போது அது தேறுமா, அடங்குமா என்பதுதான் கேள்வி. இலங்கை வழியாக வந்த 3 புயல்களைப் பாருங்கள்.

1964: டிசம்பர் 22-ம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல், அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் ரயிலைக் கடல் அலை அடித்துக்கொண்டு போனது. ரயிலில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது.

1978: நவம்பரில் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய புயல், 24-ம் தேதி கீழக்கரை அருகே கரையைக் கடந்தது.

2020: 'புரெவி' புயல் டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டதால், ராமநாதபுரம் உட்பட 6 தென் மாவட்டங்களுக்கு டிசம்பர் 4-ம் தேதி பொது விடுமுறை விடப்பட்டது. ஆனால் புரெவி வலுவிழந்து, ராமநாதபுரம் அருகே கடலிலேயே நகராமல் நின்றுவிட்டது. மழை கொட்டியது எங்கே தெரியுமா? தூரத்தில் இருக்கும் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ.!

"புயல் பாம்பனுக்கு 150 கி.மீ. தூரத்தில், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வருகிறது. அப்போ 10 மணி நேரத்தில் வந்துடும்" என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். புயல் நடுவில் நின்றுவிட்டால் அந்தக் கணக்கு அவ்வளவுதான்.

கோடு முக்கியமா, கூம்பு முக்கியமா?

புயல் பாதை வரைபடத்தில் நடுவில் ஒரு கோடும், அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பும் இருக்கும். புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பிலேயே சராசரியாக 70 கி.மீ. அளவுக்கு வித்தியாசம் வருகிறது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாலைத் தூரமே சுமார் 55 கி.மீ.தான்! "கோடு நம்ம ஊர் மேல போகல, தப்பிச்சோம்" என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து.

புயலே இல்லாத நாளும் உண்டு. 2024 நவம்பர் 20-ம் தேதி புயலும் இல்லை, அதற்கு ஒரு பெயரும் இல்லை. ஆனால் ராமேஸ்வரத்தில் 44 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் பெய்தது. இப்படி ஒரு சின்ன இடத்தில் திடீரெனக் கொட்டும் மழையைப் பாதை வரைபடத்தில் பார்க்க முடியாது.

தப்பான தகவல் பரவினால் என்ன நஷ்டம்?

புயல் எச்சரிக்கை வந்தால் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடும். அதனால் பொய்யான புயல் செய்தியை நம்பிக் கடலுக்குப் போகாதவருக்கு அன்றைய கூலி போச்சு. மாறாக, "இந்தப் பக்கம் வராது" என்ற ஃபார்வர்டை நம்பி நாட்டுப்படகை எடுத்தவருக்கு உயிரே போகலாம். 2017-ல் 'ஒக்கி' வேகமாக உருவெடுத்துப் புயலாக மாறியபோது, கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 54-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ கிடைக்கும்.

அப்போ நாம் என்ன செய்யலாம்?

* ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் இல்லையென்றால் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.
* 5 நாளுக்கு மேற்பட்ட கணிப்பை 'இப்படியும் நடக்கலாம்' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* ஒரே மாதிரியை நம்பாமல் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு பாதை காட்டினால், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.
* துறைமுகக் கூண்டைக் கவனியுங்கள். 1, 2 என்றால் தூரக்கடலில் ஆபத்து. 5, 6, 7 என்றால் புயல் துறைமுகத்தை ஒட்டியோ அதன் மீதோ கடக்கலாம். 8, 9, 10 என்றால் பெரும் ஆபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே துண்டிக்கப்பட்டுவிட்டது.
* ஆர்வலர்களின் பதிவுகளைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் படகை எடுப்பதா, வீட்டைக் காலி செய்வதா என்பதை வானிலை ஆய்வு மையம், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள்.

அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.