பறக்கும் முன் ஓர் உலுக்கல்

விமான இறக்கை வளையும், முறுகும். இரண்டும் தனித்தனியாக நடக்கும்வரை ஆபத்தில்லை. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். அப்போது ஒவ்வோர் ஆட்டத்திலும் இறக்கை காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சி இன்னும் பலமாக ஆடும். இதன் பெயர் ஃப்ளட்டர். முற்றினால் சில நொடிகளில் இறக்கை பிய்ந்துவிடும்.

1959 செப்டம்பரில் டெக்சஸிலும் 1960 மார்ச்சில் இண்டியானாவிலும் இரண்டு லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்கள் நடுவானில் இறக்கை முறிந்து விழுந்தன. 97 பேர் இறந்தார்கள். எஞ்சினைத் தாங்கும் பிடிமானம் வலுவிழந்ததால், புரொப்பெல்லர் ஓயப்போகும் பம்பரம்போலத் தலையாட்டியிருக்கிறது. ஆட்டம் வலுக்க வலுக்க அதன் அதிர்வெண் குறைந்து, இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டது. பிடிமானம் உறுதியாக இருந்தவரை இவை இரண்டும் சந்திக்கவே இல்லை.

இறக்கையின் இந்த இயல்பை முதல் பறப்புக்கு முன்பே அளந்துவிடுவதுதான் தரை அதிர்வுச் சோதனை. விமானம் வானில் மிதப்பதுபோலவே சோதனைக் கூடத்திலும் இருக்க வேண்டும். அதனால் காற்றடைத்த தாங்கிகளில் நிறுத்துவார்கள், மீள்கயிற்றில் தொங்கவிடுவார்கள், அல்லது டயர்களில் காற்றைக் குறைப்பார்கள். பிறகு அதிர்வூட்டிகள் வரும். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் அதே காந்தமும் கம்பிச்சுருளும்தான். மெல்லிய தண்டு வழியாக இறக்கையைத் தள்ளி இழுக்கும். விமானமெங்கும் ஒட்டிய முடுக்கமானிகள் அசைவைப் பதிவுசெய்யும். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் சிறு தள்ளலுக்கே இறக்கை பெரிதாக ஆடும். அதுதான் இயல்பு அதிர்வெண்.

என்னைப் பொறுத்தவரை, இந்தச் சோதனை தரும் மிக அரிய தகவல் ஒடுக்கம், அதாவது ஆட்டம் எவ்வளவு விரைவில் தணிகிறது என்பது. அதிர்வெண்ணையும் ஆட்டத்தின் வடிவத்தையும் எடையும் விறைப்பும் தெரிந்தால் கணினியே ஓரளவு சொல்லிவிடும். ஒடுக்கமோ ரிவெட்டுகளிலும் மூட்டுகளிலும் நடக்கும் உராய்வில் பிறப்பது, அளந்தால்தான் தெரியும். தள்ளும் விசையையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். மெல்லத் தள்ளினால் உராய்வில் இறுகி நிற்கும் கீல், பலமாகத் தள்ளினால் விடுபட்டு வேறு எண்ணைக் காட்டும்.

கூடத்தில் காற்றோட்டம் இல்லாததால் அங்கே ஃப்ளட்டர் வராது. அளந்த எண்களால் கணினி மாதிரியைத் திருத்தி, எந்த வேகத்தில் ஃப்ளட்டர் வரும் என்று கணக்கிடுவார்கள். பயணிகள் விமானமானால், வடிவமைப்பில் வகுத்த பாய்ச்சல் வேகத்துக்கு மேல் 15 சதவீதம் வரை அது வரக்கூடாது. அதன்பிறகே சோதனை விமானி வானில் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார். பின்னாளில் புது எஞ்சினோ இறக்கை நுனியில் புதுப் பகுதியோ பொருத்தினால் எடை மாறும், அதிர்வெண்களும் மாறும். கணக்கை மறுபடி சரிபார்த்தாக வேண்டும், பெரிய மாற்றமென்றால் விமானத்தை மீண்டும் உலுக்கியும் பார்க்க வேண்டும்.