காய்ச்சல் விட்ட நாளில் கையைத் தொட்டுப் பாருங்கள்

நான்கு நாளாக அடித்த காய்ச்சல் இன்று காலை விட்டுவிட்டது. நெற்றியைத் தொட்டால் சூடில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சாதாரணக் காய்ச்சலாக இருந்தால் அந்த நிம்மதி நியாயமானதுதான். டிங்கியாக இருந்தால், நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய நேரமே இனிமேல்தான்.

டிங்கியில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். சிலருக்கு அந்த நேரத்தில்தான் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிட, நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாயில் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ஒரு சொட்டு இரத்தம் வெளியே தெரியாமலே நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம்.

பத்து காஜா வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பழைய ரப்பர் தோட்டங்களில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு பால் மங்கில் தேங்கும் மழைநீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர்.

அவசரப் பிரிவில் அனுபவமுள்ள தாதி, நோயாளியின் கையைப் பிடிக்கிறார். ஆறுதலுக்காக மட்டுமல்ல. உள்ளங்கை வெளுத்திருக்கிறதா? விரல் நுனியை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? கை சில்லிட்டிருக்கிறதா? நாடி நன்றாக எழும்புகிறதா, நூல் போல் ஓடுகிறதா? எவ்வளவு வேகம்? ஒரே பிடியில் ஐந்து விடைகள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2012 டிங்கிக் கையேடு இதை ‘மந்திரத் தொடுகை’ என்கிறது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியிலும் இது உண்டு.

அடுத்து பிரஷர். 120/80 என்றால் இரண்டுக்கும் இடைவெளி 40. டிங்கி நோயாளிக்கு 110/95 என்று காட்டினால், மேல் எண்ணைப் பார்த்து “பிரஷர் நல்லாத்தானே இருக்கு” என்போம். தாதி பார்ப்பது இடைவெளியை: வெறும் 15. அது 20 அல்லது அதற்குக் கீழே குறுகினால் அதிர்ச்சி நிலை. மூளையையும் இதயத்தையும் காக்க, உடல் கைகால்களின் குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. கை சில்லிடுவது அதனால்தான். நோயாளியோ தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். மேல் எண் சரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இங்கே வரிசை முக்கியம். உடனே மருத்துவரை அழைப்பது, படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுப்பது, இரத்தத்தின் கெட்டித்தன்மையைப் பார்க்க மாதிரி எடுப்பது, டிரிப் போடுவது. பிறகு மூச்சையும் சிறுநீரையும் விடாமல் அளப்பது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர் சிறுநீராவது வர வேண்டும். தீவிர சிகிச்சைக்காக ஈப்போ பைனுன் மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால், ஆம்புலன்ஸ் கிளம்புமுன் டிரிப் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.

குடும்பத்தார் இந்த நேரத்தில் கேட்பது ஒன்றே ஒன்று: “பிளேட்லெட் எவ்வளவு?” ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கசிவுதான், இரத்தப்போக்கு இல்லாதவருக்குப் பிளேட்லெட் ஏற்றுவதால் அந்தக் கசிவு நிற்காது. பப்பாளி இலைச் சாறும் டிரிப்புக்கு ஈடாகாது. கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி, சில்லிட்ட கை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், 999ஐ அழையுங்கள். வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ வேண்டாம்.

கசிவு நின்றதும் பசி திரும்பும், சிறுநீர் தாராளமாகப் போகும். வெளியேறிய நீர் தானாகவே குழாய்க்குள் திரும்பும். அப்போதும் தாதி அருகிலேயே இருப்பார், இந்த முறை டிரிப்பைக் குறைக்க. குறைக்காவிட்டால் அந்த நீர் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை முட்டும்.