ஆட்டினால் ஆடுகிற துப்பாக்கி நல்லதா?

2011 தேர்தலில் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி ரிஷிவந்தியம். ‘கேப்டன் பிரபாகரன்’ பார்த்து விசிலடித்த அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும், கேப்டன் கையில் துப்பாக்கி சிக்கிக்கொண்டு நின்றதாக நினைவிருக்காது. சினிமாத் துப்பாக்கி அப்படித்தான். கதைக்குத் தேவைப்பட்டால் க்ளைமாக்ஸில் வில்லன் கையில் மட்டும் சிக்கும்!

நிஜத் துப்பாக்கி ஆள் பார்த்துச் சிக்குவதில்லை. அதைச் செய்தவர் எந்தப் பாகத்தை இறுக்கினார், எங்கே இடம் விட்டார் என்பதைப் பொறுத்தே அது சுடும், அல்லது சுடாது.

ரிஷிவந்தியத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கிருந்து அடிக்கடி ஒரே மாதிரியான செய்தி இறங்கி வரும்: ‘உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், ஒருவர் கைது.’ பெரும்பாலும் நான்கு வரிச் செய்தி. கூடவே கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தத் துப்பாக்கி யாருக்கு அதிக ஆபத்து என்று அந்த நான்கு வரியில் இருக்காது. குறிவைக்கப்பட்ட காட்டுப்பன்றியைவிட, குறிவைத்தவருக்குத்தான் பல நேரம் ஆபத்து அதிகம்.

ஏன் என்று புரிய, முதலில் நல்ல துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரச் சிற்பத்துக்காகப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கள்ளக்குறிச்சி. அங்குள்ள மர வேலைக்காரர்களுக்கு இது பாடம் நடத்தத் தேவையில்லாத விஷயம். வெயில் காலத்தில் நிலையோடு கச்சிதமாகப் பொருந்தும் கதவு, ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு சாத்த மறுக்கும். அனுபவமுள்ள ஆசாரி அதை முன்பே நினைத்து இடைவெளி விடுவார். ஆனால் அதே ஆசாரி, கதவுச் சட்டத்தின் மூலைப் பொருத்தில் இம்மி இடமும் விடமாட்டார். அங்கே விட்டால் கதவே தொங்கிவிடும். இறுக்கம் ஒரு இடத்தில் நல்ல வேலை, இன்னொரு இடத்தில் கெட்ட வேலை.

துப்பாக்கியிலும் இதேதான். தோட்டா குழலுக்குள் இறுக்கமாகப் போக வேண்டும். கொஞ்சம் லூசாக இருந்தாலும் பின்னாலிருந்து தள்ளுகிற வாயு பக்கவாட்டில் கசிந்து, குறி தவறும். ஆனால் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு, ஒவ்வொரு முறை சுடும்போதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். அது ஓடுகிற தடத்தில் புகைக்கரியும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். அவற்றுக்கு ஒதுங்க இடம் வேண்டாமா?

இந்த வித்தியாசத்தை உலகத்துக்குக் காட்டியவை இரண்டு பிஸ்டல்கள். ஜெர்மானிய ராணுவம் 1908-ல் ஏற்றுக்கொண்ட லூகர் ஒன்று. கைக்கடிகாரம் மாதிரியான வேலை. ஒரு துப்பாக்கியின் சின்னச் சின்னப் பாகத்திலும் அதன் வரிசை எண் பொறித்திருப்பார்கள். அது அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தியது என்று அர்த்தம். அழகுதான். ஆனால் முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேறு உள்ளே போனபோது அந்த நேர்த்தியே அதற்கு வினையானது.

மற்றொன்று, ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911. அமெரிக்க ராணுவம் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் 6,000 தோட்டாக்களைச் சுட்டுச் சோதித்தது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒருமுறையும் நிற்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டல் 37 முறை தடுமாறியது. பின்னாளில் லட்சக்கணக்கில் தயாரான ராணுவ 1911-ஐக் காதருகே ஆட்டினால் லேசாக ‘லொட லொட’ என்று கேட்கும். கடையில் அப்படி ஒரு மிக்ஸி ஆடினால் யாரும் வாங்கமாட்டார்கள். இங்கே அந்த ஆட்டம் தெரிந்தே விட்டது.

அப்படியானால் லூசாக இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் அதே 1911-ஐக் கைதேர்ந்த ஃபிட்டரிடம் கொடுத்து, அரத்தால் ராவி ராவி ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வார்கள். குறி அசத்தலாக விழும். பதிலுக்குப் புதிதில் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பழக்க வேண்டும், அடிக்கடி துடைக்க வேண்டும். சேற்றில் புரளும் சிப்பாய்க்கு அது கட்டாது, ஏ.சி. அரங்கில் சுடுபவருக்குக் கட்டும்.

அங்கேயும் சோதனை வரத்தான் செய்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கியில் லீவர் பழுதாகி நின்றது. சரிசெய்து திரும்புவதற்குள் நேரம் ஓடிவிட்டது. இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று போனது. அந்தப் போட்டியில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றது வேறு கதை.

ரிவால்வரில் சமாச்சாரம் இன்னும் நுணுக்கம். சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இரண்டு தலைமுடியை அடுக்கிவைத்த அளவுக்கு ஒரு சந்து இருக்கும். அது குறைந்தால் கரி படிந்து சிலிண்டர் சுழலாது. கூடினால் சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் தெறிக்கும். பெண்களுக்கென்று 2014-ல் அறிமுகமான, சுமார் 500 கிராம் எடையுள்ள கான்பூரின் ‘நிர்பீக்’ ரிவால்வருக்கும் இந்தக் கணக்கு உண்டு.

நம்மூர் ஆசாரிக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அது மிகப் பெரிய அளவு. திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்றால், ஒவ்வொரு பாகமும் அளவுக் கருவியில் தேறியிருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஹொனொரே பிளாங்க் 1785-ல் கலைந்து கிடந்த பாகங்களைக் கைக்குக் கிடைத்தபடி எடுத்துப் பூட்டிக் காட்டியபோது, பார்த்து வியந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அதற்குமேல் ஒரு சடங்கும் உண்டு. வழக்கத்தைவிட அதிக வலுவுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் அதில் முத்திரை விழும்.

மலையில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிக்கு இதில் எதுவும் கிடையாது. அந்த அழுத்தத்துக்கென்று செய்யாத இரும்புக் குழாய். மருந்தின் அளவு கண் திட்டம். இறுக்கமாக மூடியிருக்க வேண்டிய பின்பக்கம் இளகி இருக்கும், தாராளமாக நகர வேண்டிய விசை துருப்பிடித்து நிற்கும். பிரௌனிங் செய்ததற்கு நேர் தலைகீழ். வெடித்தால் கையும் கண்ணும் போவது கன்னத்தை ஒட்டி அதைப் பிடித்திருப்பவருக்கு. செய்தவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது நியாயமல்ல. சோதிக்க வழியில்லாத திறமை அது.

1976 வரை ஜாகிர்தார்கள் வசம் இருந்த மலை இது. வேட்டை அங்கே பழைய பழக்கம். சட்டம் அதைப் பார்க்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு சிறை. செய்து விற்றால் ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகலாம்.

மரவள்ளியையும் கரும்பையும் பன்றி கிளறிப்போட்ட விவசாயியின் கோபம் பொய்யில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் கேட்க, 2016 ஆயுத விதிகளில் இடமிருக்கிறது. விண்ணப்பம் போக வேண்டியது மாவட்ட ஆட்சியரிடம். உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைத் தன் விருப்பப்படி சுட முடியாது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட, 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்தது வனத்துறையினரைத்தான். அவர்கள் கொண்டுவருவது முத்திரை விழுந்த துப்பாக்கி.