காலிப் படுக்கை வீண்தானா?

ஓர் ஆஸ்பத்திரியில் 10 படுக்கைகள். சராசரியாக நாள்தோறும் 7 படுக்கைகளில்தான் நோயாளிகள் இருக்கிறார்கள். "மூன்றை எடுத்துவிட்டால் செலவு மிச்சம்" என்கிறார் ஒருவர். நீங்கள் நிர்வாகியானால் என்ன முடிவு செய்வீர்கள்?

பதில் சொல்லுமுன் ஒரு பகடைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உருட்டினால் ஒரு நாள். விழும் எண், அன்று வந்து சேரும் நோயாளிகளின் எண்ணிக்கை. ஒவ்வொருவரும் இரண்டு நாட்கள் தங்குவதாக வைத்துக்கொள்வோம். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் கூட்டினால், இன்று எத்தனை படுக்கைகள் தேவை என்பது தெரிந்துவிடும். இப்படி நாற்பது நாட்களுக்கு உருட்டிக் குறித்து வாருங்கள்.

பகடையின் சராசரி 3.5. ஆகவே சராசரித் தேவை 7 படுக்கைகள்தாம். ஆனால் உங்கள் பட்டியலில் 8, 9, 11 என்றும் வந்திருக்குமே! இரண்டு எண்கள் சேரும் வகைகள் மொத்தம் 36. அவற்றுள் 15 வகைகளில் கூட்டுத்தொகை 7-ஐத் தாண்டுகிறது. அதாவது, 7 படுக்கைகளே இருந்தால் ஏறத்தாழ ஐந்து நாட்களில் இரண்டு நாட்கள் சிலருக்கு இடமிராது. 10 படுக்கைகள் இருந்தாலோ, பன்னிரண்டு நாட்களில் ஒரு நாள்தான் அந்தத் தொல்லை. மூச்சுத் திணறலோடு வருபவர் சராசரியைப் பார்த்தா வருகிறார்?

உண்மையில் நடப்பதை இவ்வாறு எண்களால் நடத்திப் பார்ப்பதற்குப் 'பாவனை முறை' என்று பெயர். உண்மை ஆஸ்பத்திரியில் படுக்கைகளைக் குறைத்துச் சோதித்தால் உயிருக்கே ஆபத்து. கணிப்பொறியிலோ யாருக்கும் தீங்கில்லை. பல ஆண்டு நிகழ்ச்சிகளைச் சில விநாடிகளில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேகஸ்ட், பிளேஸ், போஸ்னெட் ஆகிய மூவர் இதைத்தான் செய்தனர். கணிப்பொறியில் கற்பனை ஆஸ்பத்திரி ஒன்றை அமைத்து, அவசரச் சிகிச்சைக்கு வருவோரை அதில் சேர்த்துப் பார்த்தனர். முடிவுகள் 1999-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தன. படுக்கைகள் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் ஆபத்து தலைகாட்டுகிறது. 90 சதவீதத்தைத் தாண்டினால் இட நெருக்கடி அடிக்கடி வருகிறது என்று கண்டனர்.

எனினும் 85 என்பது எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும் மந்திர எண் அன்று. எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்ற விவரங்கள் தவறானால் கணிப்பொறியின் விடையும் தவறாகிவிடும். எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டும். எவ்வளவை ஏற்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்களே.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: நம் பகடை ஆஸ்பத்திரியில் 9 படுக்கைகள் இருந்தால், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை இடம் போதாமற் போகும்?