குட்டி காக்கட்டீல் வளர்க்கிறீங்களா? சமையலறையிலிருந்து தொடங்குங்க

தெம்பனிஸ் போன்ற வட்டாரங்களின் அடுக்குமாடி வீடுகளில் ஆஸ்திரேலியக் கொண்டைக் கிளியான காக்கட்டீலைச் செல்லமாக வளர்க்கலாம். சிங்கப்பூரில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் சில பொருள்கள் அதன் உயிருக்கே ஆபத்து.

எது பெரிய ஆபத்து?

புகை. ஒட்டாத சட்டி அளவுக்கு மீறிச் சூடானால், அதன் பூச்சிலிருந்து நச்சுப்புகை வெளியாகும். நமக்குத் தெரியாமலேயே கிளி சில நிமிடங்களில் இறந்துபோகலாம்.

ஏன் அப்படி?

மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் பறவையின் நுரையீரலுக்குப் புதுக்காற்று போகும். பறக்க உதவும் அந்த அமைப்புதான் நச்சையும் வேகமாக உள்ளே கொண்டுபோகிறது. அதனால் கூண்டைச் சமையலறைக்குத் தள்ளி வைங்க. சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் அதன் பக்கம் போகக்கூடாது.

வேறு என்ன கவனிக்கணும்?

- கூண்டைத் திறக்கும்முன் சன்னலை மூடுங்க, மின்விசிறியை நிறுத்துங்க.
- இருட்டில் மிரண்டு கூண்டில் மோதும். இரவில் சிறுவிளக்கு போதும்.
- அவகாடோ, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.
- தானாகச் சாப்பிடப் பழகிய குஞ்சையே வாங்குங்க. கையால் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

பறவைகள் நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்தபடி சோர்ந்து உட்கார்ந்திருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்க.