உறவுக்கு நாம் இடும் பெயர்

ஒருவரே ஒரு பிள்ளைக்குத் தாய்மாமனாகவும் மற்றொரு பிள்ளைக்குச் சித்தப்பாவாகவும் இருப்பது நம் இல்லங்களில் இயல்பு. ஆள் ஒருவர், முறை வேறு. இத்தகைய முறைப்பெயர்களைக் கணினிக்குச் சொல்லித் தருவது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவோம்.

பிஎச்பி மொழியில் இணையச் செயலிகளை எழுதுவோர் பலர், டெய்லர் ஆட்வெல் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட லாராவெல் என்னும் கட்டமைப்பைக் கையாளுகின்றனர். அதன் எலோக்குவென்ட் என்னும் பகுதியில், தரவுத்தள அட்டவணை ஒவ்வொன்றின் சார்பிலும் ஒரு 'மாடல்' நிற்கும். அட்டவணைகளுக்கு இடையிலான உறவை அம்மாடலினுள் ஒரு செயற்கூறாக எழுதுவர். செயற்கூற்றின் பெயரே உறவின் பெயர்.

எங்கள் பள்ளிப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணையில் வகுப்பாசிரியருக்கு 'டீச்சர்_ஐடி', விளையாட்டுப் பயிற்றுநருக்கு 'கோச்_ஐடி' என இரு பத்திகள். இருவரும் ஆசிரியரே, இருவர் விவரமும் 'டீச்சர்' என்னும் ஒரே மாடலில்தான் கிடைக்கும். இதனை அமைத்துத் தந்த பழைய மாணவர், முதல் உறவுக்குக் 'கிளாஸ்டீச்சர்' எனப் பெயரிட்டார். நல்ல காரணப்பெயர், இலக்கண வகுப்பாயின் முழு மதிப்பெண் இட்டிருப்பேன். ஆயினும் அச்சிட்ட பட்டியலில் வகுப்பாசிரியர் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. பிழையென ஒரு சொல்லும் திரையில் தோன்றவில்லை.

'பிலாங்ஸ்டூ' என்னும் உறவில், எலோக்குவென்ட் செயற்கூற்றின் பெயரை அடிக்கோட்டால் சொல் பிரித்து, ஈற்றில் '_ஐடி' சேர்த்து, அப்பெயருள்ள பத்தியைத் தேடும். 'கிளாஸ்_டீச்சர்_ஐடி' என்னும் பத்தி எங்களிடம் இல்லை; ஆகவே ஆசிரியர் எவரும் இலர் எனக் கொண்டுவிட்டது. அடைப்புக்குறிக்குள் முதலாவதாக மாடலையும், இரண்டாவதாக 'டீச்சர்_ஐடி' என்னும் பத்திப்பெயரையும் தந்ததும் குறை நீங்கிற்று. ஆசிரியரை 'ஐடி'யால் அன்றிப் பணி எண்ணால் இணைப்பதாயின், அப்பத்தியின் பெயரை மூன்றாவதாகத் தருதல் வேண்டும்.

எதிர்த்திசையில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். ஆசிரியர் பக்கமிருந்து 'ஹேஸ்மெனி' என்னும் உறவால் மாணவர்களைக் கேட்கும்போது, எலோக்குவென்ட் உறவின் பெயரைப் பார்ப்பதே இல்லை. மாடலின் பெயரைக் கொண்டே 'டீச்சர்_ஐடி' என ஊகித்துக்கொள்ளும். ஆதலால், உறவுக்கு 'டிரெய்னீஸ்' எனப் பெயரிட்டு, பயிற்சி பெறும் பிள்ளைகளைக் கேட்டாலும், பத்தியைக் குறிப்பிடாவிடின் அவ்வாசிரியரின் வகுப்புப் பிள்ளைகளே வந்து நிற்பர். வெறுமையான இடமாவது கண்ணில் படும். இப்பட்டியலோ நிறைவாகவே தோன்றும். போட்டிகளுக்கான பெற்றோர் ஒப்புதல் கடிதங்களை நாங்கள் அனுப்புவது இதனைக் கொண்டுதான். 'கோச்_ஐடி' என இரண்டாவதாகச் சேர்த்து, கையெழுத்துப் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராக ஒப்புநோக்கிய பின்னரே கடிதங்களை அச்சிட்டோம்.